ஒரு நூல் இடைவெளி

என் வீட்டுக்காரர் மூன்று நாடுகளில் தச்சராக இருந்துவிட்டு, நான்காவது நாட்டில் உதவியாளாகச் சேர்ந்தார். உதவியாள் என்றால், தன் வயதில் பாதிகூட ஆகாத ஒருவர் கதவை மாட்டும்போது அது சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டு நிற்பவர். இவருக்கு வயது ஐம்பத்தொன்று. மாட்டுகிறவர் கீலைத் தலைகீழாக வைத்தாலும் இவர் வாயைத் திறக்கக் கூடாது. அங்கே திறக்கவும் மாட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே என்னிடம் திறப்பார்.

இந்த நாட்டில் தச்சு வேலைக்கு உரிமம் வேண்டும். உரிமத்துக்குப் பரீட்சையில் தேற வேண்டும். எழுதுகிற பரீட்சை இல்லை. ஒரு நிலைச்சட்டத்தையும் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கதவையும் கொடுத்து, நான்கு மணி நேரத்தில் இழைத்துப் பொருத்தி மாட்டச் சொல்வார்கள். முப்பத்துமூன்று வருஷமாக அவர் சாப்பிட்டதே கதவு மாட்டிய சாப்பாடு. அந்தப் பரீட்சையில் முதல் தடவை தோற்றார். புது இடம், படபடப்பு என்று நானும் பேசாமல் விட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்து இரண்டாவது தடவையும் தோற்றுவிட்டு வந்து நின்றபோதுதான் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மொத்தம் மூன்று தடவைதான் வாய்ப்பு. மூன்றாவதிலும் தோற்றால் கடைசிவரை உதவியாள். உதவியாளுக்குக் குடும்பத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. எனக்கும் மகளுக்கும் கொடுத்திருந்த தற்காலிக அனுமதி, மூன்றாவது பரீட்சை நடந்த பதினைந்தாம் நாள் முடிகிறது. அதற்குள் அவர் தச்சராக வேண்டும், இல்லையென்றால் நாங்கள் இரண்டு பேரும் பெட்டியைக் கட்ட வேண்டும்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். அதில் பதினேழு வருஷம் நான் குடும்பம் நடத்தியது ஒரு தொலைபேசியோடு. மகள் பிறந்தபோது அவர் பாலைவன நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல் செய்துகொண்டிருந்தார். அவள் நடக்கப் பழகியபோது அதே பள்ளிக்கூடத்துக்கு மேஜை செய்துகொண்டிருந்தார். அவளுக்கு மூன்று வயதில் லீவில் வந்தவரைப் பார்த்து, என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த அங்கிள் எப்பப் போவாரு?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். எனக்கு அன்றைக்கும் சிரிப்பு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. மறுபடியும் ஒரு தொலைபேசியோடு குடித்தனம் நடத்த என்னால் முடியாது. இதை நான் மனசுக்குள் வைத்துக்கொண்டு புழுங்கவில்லை. அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன், இரண்டாவது தோல்வி அன்றைக்கு.

"கதவு இறுக்கமா இருக்காம்."

"போன தடவை?"

"லூசா இருக்குன்னாங்க."

"அப்ப ரெண்டுக்கும் நடுவுல வைக்க வேண்டியதுதானே? இதுக்கா முப்பத்துமூணு வருஷம்?"

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரோ பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "தெரியலம்மா. வைக்கும்போது சரியாத்தான் பட்டுது."

தச்சர்களின் கணக்கு ஒன்று உண்டு, நூல் என்பார்கள். ஓர் அங்குலத்தை எட்டாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நூல். எந்த நாட்டில் எந்த டேப்பைக் கொடுத்தாலும் இவர் மனசுக்குள் நூலில்தான் கணக்குப் போடுவார். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் விட வேண்டும் என்கிறது பரீட்சைப் புத்தகம். அது கிட்டத்தட்ட ஒரு நூல். முதல் பரீட்சையில் இவர் விட்டது இரண்டு நூல். இரண்டாவதில் அரை நூல். கண்ணை மூடிக்கொண்டு தடவியே கால் நூல் வித்தியாசத்தைச் சொல்கிற மனுஷனுக்கு இது எப்படி வந்தது என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடி வீட்டு டைல்ஸ்காரர் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தார். பாலைவன நாட்டில் இவரோடு ஒரே அறையில், இவருக்கு மேல் கட்டிலில் படுத்தவர். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

"அண்ணன் மேல தப்பே இல்ல அண்ணி," என்றார். "அங்க நாங்க அரை நூல்தான் விடுவோம். காத்துல சொட்டு ஈரம் கிடையாது. மரம் காஞ்சு சுருங்கிக்கிட்டே போகும். ஒரு நூல் விட்டா ஒரே வருஷத்துல இடுக்கு வழியா பல்லி போயிட்டு வரும்."

நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்தேன். "அப்ப ரெண்டு நூல் எங்க விடுவீங்க?" என்று இவரைக் கேட்டேன்.

"முத நாட்டுல. அங்க வருஷத்துல ஒன்பது மாசம் மழை. கதவு ஊதிப்போயித் திறக்க வராது."

"முத பரீட்சை அன்னைக்கு மழைதானே? குடையைத் தொலைச்சிட்டு நனைஞ்சுகிட்டு வந்தீங்க."

"ஆமா."

"இந்தத் தடவை?"

அவர் யோசித்தார். "மழை இல்ல. உள்ள ஹீட்டர் போட்டிருந்தாங்க. அனலா அடிச்சுது. நாக்கெல்லாம் வறண்டு போச்சு."

சொல்லி முடித்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. மழை பெய்தால் அவர் கை முதல் நாட்டுக்குப் போய்விடுகிறது, அனல் அடித்தால் பாலைவனத்துக்கு. வேறெங்கும் போகாத ஒரு தச்சனுக்கு இந்தத் தப்பு வரவே வராது. அவனுக்குத் தெரிந்தது ஒரே காற்று, ஒரே இடைவெளி.

"நல்லவேளை அண்ணி, கப்பல் பட்டறை ஞாபகம் வரல," என்றார் டைல்ஸ்காரர். மூன்றாவது நாட்டில் இவர் ஏழு வருஷம் கப்பல் அறைகளுக்கு மர வேலை செய்தவர். "கப்பல் அலையில வளையும்னு மூணு நூல் விடுவாங்களாம். பரீட்சை ஹால்ல அதை விட்டிருந்தா அண்ணனை அன்னைக்கே விமானம் ஏத்தியிருப்பாங்க."

இவர் சிரிக்கவில்லை. "காத்தைப் பாக்காம கதவு மாட்டுறவன் தச்சனே இல்ல," என்றார்.

"நீங்க தச்சர்தான். அதை எனக்கு யாரும் நிரூபிக்க வேணாம்," என்றேன். "இன்னும் ஆறு மாசம் இருக்கு. அவங்க தாள்ல நிரூபிங்க."

வீட்டுச் சொந்தக்கார அம்மாவிடம் பேசி, பின்பக்கம் சாமான் போட்டு வைத்திருந்த கொட்டகையை வாங்கினேன். பதிலுக்கு அந்த அம்மா வீட்டில் இழுத்து இழுத்துத் திறக்க வேண்டியிருந்த அத்தனை கதவுகளையும் அலமாரிகளையும் இவர் சரிசெய்து கொடுத்தார். இடிக்கிற கட்டடம் ஒன்றிலிருந்து ஒரு நிலைச்சட்டமும் இரண்டு கதவுகளும் டைல்ஸ்காரர் வண்டியில் வந்து இறங்கின. எல்லாம் தயார். இவர் மட்டும் தயாராக இல்லை. ஒரு வாரம் கொட்டகைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

"இத்தனை வருஷம் மாட்டுன கதவை மறுபடி முதல்லேர்ந்து பழகணுமா?" என்றார்.

"கல்யாணமாகிப் பதினேழு வருஷம் கழிச்சு ஒண்ணா இருக்கப் பழகலையா நாம? அது மாதிரிதான்."

இங்கே நாங்கள் வந்து சேர்ந்த முதல் மாதம், அவர் நின்றுகொண்டே சாப்பிடுவார். சாப்பிட்டதும் தன் தட்டை மட்டும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். காலையில் தன் போர்வையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார். யார் திருடப் போகிறார்கள், நானா? மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. ஆனால் பழகினார். அதனால்தான் எனக்கு நம்பிக்கை இருந்தது.

பரீட்சையில் இடைவெளியைப் பார்க்க ஓர் அளவுத் தகடு வைத்திருப்பார்கள். அதே கனத்தில் எங்களுக்கும் ஒன்று வேண்டியிருந்தது. மகள் அவருடைய பழைய தகரப் பெட்டியைக் கிண்டி, நான்கு பிளாஸ்டிக் அடையாள அட்டைகளை எடுத்து வந்தாள். மழை நாட்டில் ஒன்று, பாலைவனத்தில் கம்பெனி மாறியதால் இரண்டு, கப்பல் பட்டறையில் ஒன்று.

"அப்பா, ஒரு அட்டை முக்கால் மில்லிமீட்டர். நாலையும் ஒட்டுனா மூணு. உங்க ஒரு நூல்," என்றாள். பள்ளியிறுதி வகுப்பு படிக்கிறாள், கணக்கில் புலி.

அவர் அட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். முதல் அட்டையில் நெற்றியை மறைக்கிற முடி. கடைசி அட்டையில் நெற்றி மட்டும்தான் இருந்தது.

"ஒட்டிடலாமா அப்பா? ஞாபகத்துக்கு வேணுமா?"

"ஒட்டு பாப்பா. இதைக் காட்டுனா இனி எந்த வாட்ச்மேனும் உள்ள விட மாட்டான்."

நான் சலவை நிலையத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு நான்கு மணிக்கு வருவேன். அவர் ஐந்து மணிக்கு. ஆறு மணிக்குக் கொட்டகையில் பள்ளிக்கூடம். ஒரு நாள் கெட்டிலைக் கொதிக்கவிட்டுக் கொட்டகை முழுக்க ஆவியை நிரப்புவேன். ஒரு நாள் ஹீட்டரை முழுசாகத் திருகிவைப்பேன். எது வந்தாலும் அவர் அந்த நான்கு அட்டைக் கனத்துக்குத்தான் கதவை மாட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் இழைத்தால் கதவு சின்னதாகிவிடும். அதனால் மறுநாள் ஓரத்தில் ஒரு மெல்லிய மரப் பட்டியை ஒட்டிக் காயவைத்து, மறுபடி இழைப்பார். மகள் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று பக்கமும் ஓட்டிப் பார்ப்பாள். தயவு தாட்சண்யமே கிடையாது அவளிடம்.

"மேல போகுது. கீல் பக்கம் போகுது. பூட்டுப் பக்கம் ஆடுது. ஃபெயில்."

"கொஞ்சம்தானே ஆடுது."

"ஃபெயில் அப்பா."

முதல் பத்தில் எட்டு ஃபெயில். ஹீட்டர் போட்டால் இறுக்கினார், ஆவி விட்டால் தளர்த்தினார். அடுத்த பத்தில் ஐந்து. இருபத்துமூன்றாவதோ இருபத்துநான்கோ, ஆவி பறந்த ஒரு நாளில் வேண்டுமென்றே இரண்டு நூல் விட்டார். எனக்குத் தெரிந்துவிட்டது. மகள் அட்டையை நுழைப்பதற்கு முன்பே நான் கத்தினேன்.

அவரும் கத்தினார். கத்திவிட்டு இழைப்புளியைக் கீழே வைத்தார். அந்தக் கோபத்திலும் பிளேடு தரையில் படாமல் பக்கவாட்டில்தான் வைத்தார்.

"இந்த ஈரத்துல ஒரு நூல் விட்டா மழைக்கு இறுகிப்போகும். அந்த வீட்டு ஆளு காலம் பூரா என்னைத் திட்டிக்கிட்டே திறப்பான்!"

"எந்த வீட்டு ஆளு? பரீட்சைக் கதவை மறுநாளே கழட்டிப் போட்டுருவாங்க. அதுக்கு வீடும் இல்ல, ஆளும் இல்ல. அது கதவே இல்ல!"

"கதவு இல்லாத ஒண்ணை நான் எப்படி மாட்டுறது?"

சண்டைக்காகக் கேட்ட கேள்வி இல்லை அது. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. அவர் மாட்டிய ஒவ்வொரு கதவுக்கும் பின்னால், அவர் பார்த்தே இராத ஒரு குடும்பம் இருந்திருக்கிறது. அந்தக் குடும்பம் மழையில் திட்டக் கூடாது, வெயிலில் இடுக்கு வழியாகத் தூசி போகக் கூடாது என்று நினைத்து நினைத்துத்தான் மாட்டியிருக்கிறார். அடுத்தவர் குடும்பத்துக்கு இவ்வளவு பார்த்த மனுஷன் மேல் எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

"எனக்காக மாட்டுங்க," என்றேன். "அந்தக் கதவுக்குப் பின்னால நானும் இவளும்தான் இருக்கோம். நான் திட்டமாட்டேன். இறுகினா இறுகட்டும், நான் இழுத்துத் திறந்துக்கறேன். எனக்கு இங்கேர்ந்து போக வேணாம். உங்களை விட்டுட்டுப் போக வேணாம்."

மகள் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் குனிந்து இழைப்புளியை எடுத்தார், ஒரு பட்டியை எடுத்தார், கோந்தை எடுத்தார். அதற்குப் பிறகு காற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிப் பத்தில் ஒன்றுகூட ஃபெயில் இல்லை.

மூன்றாவது பரீட்சை அன்றைக்கு வெளியே மழை கொட்டியது, உள்ளே ஹீட்டர் எரிந்தது. என்னைச் சோதிக்கவே ஏற்பாடு செய்ததுபோல் இருந்தது. சலவை நிலையத்தில் லீவு சொல்லிவிட்டு நானும் போயிருந்தேன். கூடத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே கண்ணாடிச் சுவர். எட்டுப் பேருக்கு எட்டுச் சட்டங்கள். மற்ற ஏழு பேரும் மணியடித்ததும் வேலையில் பாய்ந்தார்கள். இவர் கதவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. அசையவில்லை. கண்ணாடியைத் தட்டலாமா என்றுகூட யோசித்தேன். தட்டினால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் மனசுக்குள் சொன்னேன்.

பிறகு கையை எடுத்தார். அளவுத் தகட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். இழைக்க ஆரம்பித்தார். இழைப்பார், தூக்கிச் சட்டத்தில் வைப்பார், தகட்டை நுழைப்பார், இறக்குவார், மறுபடி இழைப்பார். கீலுக்குக் குழி வெட்டும்போது மட்டும் அவர் முகம் எனக்குத் தெரிந்த முகமாக இருந்தது. மீதி நேரமெல்லாம் பல் பிடுங்க உட்கார்ந்தவரின் முகம்.

பரீட்சை அதிகாரி கடைசியாகத்தான் இவரிடம் வந்தார். தகட்டை மேலே ஓட்டினார், கீல் பக்கம் ஓட்டினார். பூட்டுப் பக்கம் பாதியில் நின்றது. அதிகாரி விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு மரச்சீவலை ஊதித் தள்ளிவிட்டு மறுபடி ஓட்டினார். தகடு தரைவரை போனது. தாளில் குறித்துக்கொண்டார். அத்தோடு வெளியே வராமல் இவர் கதவைக் காட்டி ஏதோ சொன்னார். அதிகாரி கேட்டுக்கொண்டார், தோளைக் குலுக்கினார், தாளைக் காட்டினார்.

"என்ன பேசுனீங்க அந்தாள்கிட்ட?" என்று வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"மரம் ஈரம். மழையில கிடந்த மரம். இந்த ஹீட்டர்ல காஞ்சா ரெண்டு மாசத்துல இடைவெளி ஒண்ணரை நூல் ஆயிடும்னு எனக்குத் தெரிஞ்ச அரைகுறை பாஷையில சொன்னேன். அதுக்குத் தாள்ல கட்டம் இல்லைன்னாரு."

"சொல்லாம வர முடியாதா உங்களால?"

"அவங்க சொன்ன மாதிரி மாட்டிட்டேன்ல? சொல்லக்கூடக் கூடாதா?"

"பாஸா?"

"பாஸ்."

இதை முதலில் சொல்லாமல் மரத்தின் ஈரத்தைச் சொல்கிற ஆள். நான் அவர் முதுகில் ஒரு அடி வைத்தேன். நடைபாதையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பத்து நிமிஷம் என்ன பண்ணுனீங்க? எனக்கு உயிரே போச்சு."

"கை சொன்னதைக் கேக்கல," என்றார். "கெஞ்சிக்கிட்டு இருந்தேன்."

உரிமம் எழுதித் தருகிற கவுண்டருக்குப் போனோம். அங்கே இருந்த பெண் மளமளவென்று நிரப்பிக்கொண்டே வந்தாள். தொழில்: தச்சர். அந்த ஒரு வார்த்தையை நான் இரண்டு தடவை படித்தேன். அடுத்த வரி: தொழிலில் அனுபவம். அவரைக் கேட்காமலே அவள் ஒரு பூஜ்யம் போட்டாள். உரிமம் கிடைத்த நாளிலிருந்துதான் கணக்காம். வெளிநாட்டு வருஷங்கள் சேராதாம்.

சலவை நிலையத்தில் கற்ற பாஷையெல்லாம் எனக்கு ஒரே மூச்சில் வந்தது. முப்பத்துமூன்று வருஷம் எங்கே போயிற்று, அந்த ஜன்னல்கள் தானாக முளைத்தனவா, கப்பல்கள் கதவில்லாமலா போயின என்று கேட்டேன். அந்தப் பெண் பேனாவைக் கையில் பிடித்தபடி மிரண்டுபோய்ப் பார்த்தாள். பாவம், அவள் என்ன செய்வாள்.

"விடும்மா," என்றார் இவர். "எல்லா நாட்டுலயும் இதைத்தான் போட்டாங்க. எனக்குப் பழக்கம்." கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அவள் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் ஒரே ஒரு கேள்விதான். உடன் வசிப்பவர்கள் எத்தனை பேர். அவள் எழுதப் போனபோது இவர் அவள் கையிலிருந்த பேனாவையே வாங்கிவிட்டார். தாளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதையும் எல்லா நாட்டுலயும் கேட்டாங்க," என்றார் என்னிடம். "அங்கயும் பூஜ்யம்தான் போட்டேன். போட்டுட்டு ரூமுக்கு வந்து உக்காந்துக்குவேன். உன்கிட்ட போன்ல சொன்னதில்ல."

பிறகு இரண்டு என்று எழுதினார். எழுதிய எண் மேலேயே மறுபடி ஒரு தடவை அழுத்தி எழுதினார். அது கட்டத்தைத் தாண்டி நாலு பக்கமும் வெளியே வந்து நின்றது. கட்டத்துக்குள் எழுத வேண்டும், வேறு தாள் தரட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். நான் அழுதுகொண்டிருந்ததால் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல முடியவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. தலையை ஆட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தாளை அவள் பக்கமே தள்ளினார்.